காற்று வாசிப்பவள்

ஊரின் சமுதாய வானொலியில் தினமும் காலை ஐந்து மணிக்குக் கடற்காற்று நிலவரம் வாசிப்பவள் வெளியூர்க்காரி செலஸ்தீனா. ஆறு மாதமாக அந்த அறையில் அவளும் மைக்கும்தான். அன்று நிலையத் தலைவர் கர்வாலோ வந்து உட்கார்ந்தார்.

"கடுதாசி இல்ல, போன் இல்ல. இத எவன் கேக்குறான்? ஒரு ஆளக் காட்டு. இல்லேன்னா இன்னையோட நிறுத்திரலாம்."

"காட்டுறேன் சார்," என்றவள் மைக்கைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்தே காலுக்கு அறை வாசலில் முப்பது மீனவர்கள் நின்றார்கள். "காத்து தெரியாம வள்ளத்த எப்படி எறக்க?" என்று தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் செலஸ்தீனாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "தெனமும் வாசிக்குற பிள்ள எங்க? மேலுக்குச் சொகமில்லையா?"

தலைவர் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான்தான் அண்ணே," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். தன் குரலுக்கு ஒரு முகம் திரும்புவதை அந்த ஊரில் அவள் அன்றுதான் பார்த்தாள்.