வார்னிஷ் காயாத கிட்டார்

கச்சேரிக்கு இன்னும் பத்தே நிமிஷம். சென்னையிலிருந்து வந்த கிட்டார்காரர் டெரன்ஸ் மேடையில் கோபத்தில் குதித்தார்.

"கரகரன்னு இரையுது! இந்த ஓட்டைக் கிட்டார்ல எவன் வாசிச்சாலும் நாதம் வராது. சரி பண்ணு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

கருவிகளைப் பராமரிக்கும் லீலாவதி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். எட்டு நிமிஷத்தில் திரும்பினாள்.

"வார்னிஷ் இன்னும் காயலை சார். கைச்செயின் பட்டா கீறிடும், கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்துவிட்டு வாசித்தார். தேனாக ஒலித்தது.

"பாத்தீங்களா? நாதமெல்லாம் கருவியிலதான் இருக்கு!" என்று மைக்கில் முழங்கினார்.

"உள்ளே போய் டீ மட்டும்தான் சார் குடிச்சேன்" என்ற லீலாவதி, அந்தத் தங்கக் கைச்செயினை மைக் அருகே கிட்டார் மரத்தில் உரசினாள்.

அதே கரகரப்பு, இப்போது மண்டபம் முழுக்கக் கேட்டது.