பார்க்காமல் எழுதிய ஓலை

மலைக்கு இந்தப் பக்கம் மாரி தவறாமல் பெய்த காலத்தில் தென்னரையன் என்றொரு அரசன் இருந்தான், கேளுங்கள். அவன் ஊரில் பெரிய கடிகை ஒன்று இருந்தது. இன்றைக்குப் பல்கலைக்கழகம் என்கிறோமே, அன்றைக்கு அதற்குப் பேர் கடிகை.

அங்கே மூலிகை மருத்துவம் கற்பித்தவள் காரிநங்கை. ஆண்டுதோறும் ஆசிரியர்களை மதிப்பிட்டு அரசனுக்கு ஓலை எழுதியவர் கண்காணி அரிகண்டர். தொடர்ந்து மூன்று ஆண்டு 'தகுதியில்லை' என்று ஓலை வந்தால் ஆசிரியர் வெளியேற வேண்டியதுதான்.

அரிகண்டர் பதவிக்கு வந்த முதல் ஆண்டே காரிநங்கைக்குத் 'தகுதியில்லை' என்று வந்தது. காரணம் கேட்டாள், சொல்லும் வழக்கமில்லை என்றார்கள். இரண்டாம் ஆண்டும் அதே சொல். மூன்றாம் ஆண்டும் அதே சொல்.

பதினெட்டு ஆண்டு உழைப்பு ஒற்றைச் சொல்லில் போவதா? மாணவர்களோடு நேரே அரசவைக்குப் போனாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கண்காணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினாள்.

"ஐயா, என் வகுப்பில் என்ன குறை கண்டீர்கள்?"

அரிகண்டர் அசரவில்லை. "மண்டபத்தில் நீங்கள் பேசுவது கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை, அம்மா. தூணருகே உட்கார்ந்து நானே பார்த்தேன்" என்றார்.

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். காரிநங்கை மண்டபத்தில் பாடம் நடத்தியதே இல்லை. செடி முளைத்த இடம்தான் அவள் வகுப்பு: ஏரிக்கரை, வயல் வரப்பு, மலையடிவாரம்.

அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. கண்காணியை அப்போதே ஊரைவிட்டுத் துரத்தச் சொன்னான். வேறு யாராயிருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். இவள் குறுக்கே பேசினாள்.

"அரசே, என்னைக் கேட்காமல் அவர் எழுதினார். அவரைக் கேட்காமல் நீங்களும் தீர்ப்புச் சொல்லலாமா?"

அரசன் தணிந்து அமர்ந்தான். அரிகண்டர் தலைகுனிந்து உண்மையைச் சொன்னார். அவர் எவர் வகுப்புக்கும் போனதில்லை. வீடு தேடி வந்து வணங்கியவருக்கு நல்ல ஓலை, வராதவருக்கு இந்த ஓலை. இத்தனை ஆண்டும் எப்படித் துணிந்தாய் என்று அரசன் கேட்டான்.

"ஓலையை வாங்கிய தாங்களும் ஒரு நாள் காரணம் கேட்டதில்லை, அரசே."

அரசனுக்குச் சுருக்கென்றது. தன் பிழையையும் அவைமுன் ஒப்புக்கொண்டான். அரிகண்டரின் பதவி போனது. காரிநங்கையின் மூன்று ஓலைகளும் கிழிந்தன. இனி மதிப்பிடுபவர் நேரில் பார்க்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், ஆசிரியரின் பதிலைக் கேட்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அந்த ஆணைப்படி வந்த முதல் ஓலையை அரசனே வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டான்.

சிறியோரே, பெரியோரே, இதிலிருந்து நாம் அறிவது: பிறரை மதிப்பிடும் அதிகாரம் பெற்றவர், தம் மதிப்பீட்டுக்குத் தாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.