ஓடையைக் கடந்த யானைகள்

தாயம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் உலகநாதர் அறுபதைத் தாண்டியவர். அரிசி ஆலையை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த தாயம்மையின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். தன்னைவிட இளையவரை 'அம்மா' என்று அழைப்பதில் அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

அந்த வருடம் தாயம்மையின் பார்வை சுருங்கத் தொடங்கியது. மூங்கில் குழல் வழியாகப் பார்ப்பதுபோல, நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிந்தது. சுற்றிலும் இருட்டு. மலைக்கு அப்பால் ஒரு கண் வைத்தியர் இருந்தார். உலகநாதர் வற்புறுத்தி அவரிடம் அழைத்துப் போனார்.

வைத்தியர் நெடுநேரம் பார்த்தார்.

"அடுத்த மழைக்காலத்துக்குள் முழுவதும் போய்விடும். இதற்கு மருந்து இல்லை."

மறுநாள் காலை இருவரும் காட்டு வழியாகத் திரும்பினார்கள். தாயம்மை அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு மரவட்டையைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். விரலால் தொட்டார். அது சுருண்டுகொண்டதும் சிரித்தார்.

உலகநாதருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நேற்று வைத்தியர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா?"

"விழுந்தது."

"பிறகு எப்படிச் சிரிக்கிறீர்கள்?"

"இரவெல்லாம் அழுதேன். நீங்கள் தூங்கிவிட்டீர்கள்."

உலகநாதர் திகைத்தார். தாயம்மை அழுவார் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இனி அழமாட்டீர்களா?"

"அழுவேன். அழுகை வரும்போது."

"அப்படியானால் இந்தச் சிரிப்பு?"

தாயம்மை பதில் சொல்வதற்குள் கீழே ஓடைக்கரையில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரு பாறையின் பின்னால் பதுங்கினார்கள். நல்லவேளை, காற்று ஓடைப் பக்கமிருந்து வீசியது; அவர்கள் வாடை அங்கே எட்டாது.

காடே எழுந்து வருவதுபோல யானைகள் வந்தன. அத்தனை பெரிய உடம்புகள். காலடிச் சத்தமே இல்லை. ஒவ்வொன்றாக ஓடையில் இறங்கின. கடைசியில், பிறந்து சில நாட்களே ஆன ஒரு குட்டி.

நடு ஓடையில் குட்டிக்குக் கால் வழுக்கியது. வெள்ளம் அதைப் புரட்டி இழுத்தது. தாய் பிளிறியது. அந்த ஒலி உலகநாதரின் நெஞ்செலும்பில் அதிர்ந்தது.

கரையேறியிருந்த இரண்டு யானைகள் திரும்பி ஓடிவந்து, வெள்ளத்துக்குக் குறுக்கே சுவர்போல நின்றன. குட்டி அவற்றின் கால்களில் வந்து மோதி நின்றது. தாய் நெருங்கி, தும்பிக்கையால் அதைச் சுற்றி வளைத்தது.

"எங்கே? எங்கே?" என்று கிசுகிசுத்தார் தாயம்மை.

உலகநாதர் இரு கைகளாலும் அவருடைய முகத்தை மெல்லத் திருப்பிவிட்டார்.

"ஒரு காது தெரிகிறது… அம்மாடி, எவ்வளவு பெரிய காது! ஓரமெல்லாம் ரோஜா நிறம். பொறுங்கள். கண். அந்தக் கண்ணுக்கு இமைமயிர் எத்தனை நீளம்!" என்றார் தாயம்மை.

அவர் மூச்சுவிடவும் மறந்திருந்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் உலகநாதரால் அடக்க முடியவில்லை.

"அடுத்த வருடம் இந்த யானைகள் இதே வழியாகத்தான் வரும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லாமே போகப்போகிறதே, அம்மா! அதை நினைக்காமல் உங்களால் எப்படி இருக்க முடிகிறது?"

தாயம்மை ஓடையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"இருட்டு வரும் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொள்கிறேன், உலகநாதரே. இன்றைக்கு யானை வந்திருக்கிறது. குட்டி எங்கே? கரையேறிவிட்டதா, சொல்லுங்கள்."

உலகநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

தாய் பின்னாலிருந்து முட்டிக்கொடுக்க, குட்டி முன்னங்கால்களைக் கரையில் ஊன்றி ஏறிக்கொண்டிருந்தது.

அவர் தாயம்மையின் முகத்தை மெல்லக் குட்டியின் பக்கம் திருப்பிவிட்டார்.