கிறீச்சிட்ட சைக்கிளும் தப்பித்த மலையும்

கருமலைநல்லூர் மகாராஜா குமாரபூபதிக்குச் சீமையிலிருந்து ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. அன்றோடு பட்டத்து யானைக்கு ஓய்வு. காலையில் எழுந்தால் சைக்கிள், மாலையில் சபை கலைந்தால் சைக்கிள். சாமரம் வீசுகிறவர்கள் பின்னாலேயே ஓடி ஓடி இளைத்துப்போனார்கள்.

ஒருநாள் சைக்கிள் 'கிறீச்' என்றது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கிறீச்.

சங்கதி அவ்வளவுதான். நீங்களும் நானும் என்றால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால் அந்தச் சமஸ்தானத்தில் சேஷாசலம் என்று ஒரு மராமத்து மந்திரி இருந்தாரே! சுவரில் ஆணி ஆடினால்கூட, சுவரையே இடித்துக் கட்டினால்தான் அந்த மனுஷருக்குத் தூக்கம் வரும்.

சந்தைப்பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த சவரிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் எண்ணெய் விட்டான். சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றினான். சத்தமே இல்லை.

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டாத் தேவலை" என்று சீட்டில் கை வைத்தான்.

"அடேய்!" என்று அலறினார் மந்திரி. "மகாராஜா அமரும் ஆசனம் அது. அதில் நீ உட்காருவதா?"

சவரிமுத்து கையை எடுத்துக்கொண்டான். மகாராஜா ஏறி மிதித்தார். கிறீச்!

"செயினைக் கழற்று" என்றார் மந்திரி. கழற்றிக் கழுவி மாட்டினான். கிறீச்! சக்கரங்களைக் கழற்றினான். மறுநாள் பார்த்தால் சைக்கிள் முழுவதும் துண்டு துண்டாக அரண்மனை முற்றத்தில் கிடந்தது. சேர்த்து முடுக்கி நிறுத்தினான். மகாராஜா ஏறினார். கிறீச்!

"பழுது சைக்கிளில் இல்லை, தரையில்தான்" என்று கண்டுபிடித்தார் மந்திரி. கோட்டைத் தெருவைத் தோண்டிப் புதிதாகப் போட்டார்கள். அப்போதும் கிறீச்!

"தெருவின் சரிவுதான் காரணம் மகாராஜா. சரிவுக்குக் காரணம் கருமலை. மலையைக் கொஞ்சம் சீவிவிட்டால்..."

மகாராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவுக்கும் யார் காரணம்?"

மந்திரி கொஞ்சமும் கூசாமல் சவரிமுத்துவைக் கைகாட்டினார். "இவன் கை பட்டபிறகுதான் மகாராஜா எல்லாம் கெட்டது."

"சரி. நாளைக் காலையிலும் சத்தம் கேட்டால், கடையைப் பூட்டிவிட்டு இவன் ஊரைவிட்டே போகட்டும்."

சவரிமுத்து நேரே போய் நின்ற இடம், அரசவை விகடர் குற்றாலிங்கத்தின் வீடு.

"ஐயா, சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியலியே. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு நா எங்கன போவேன்?" என்று அழுதேவிட்டான்.

குற்றாலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கும் தெரியவில்லையப்பா. ஆனால் ஓட்டிப் பார்க்காமல் ஊரே சேர்ந்து பழுது பார்க்கிறீர்களே, அதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அழாதே, காலையில் வா."

காலையில் முற்றம் நிறையக் கூட்டம். மகாராஜா சைக்கிளை நெருங்குமுன் குற்றாலிங்கம் குறுக்கே வந்தார்.

"மகாராஜா, தங்கள் ஆசனத்தில் வேறு யாரும் உட்காரக்கூடாது. ஆசனத்தைக் கழற்றிவிட்டால், நின்றுகொண்டு மிதிக்கலாம் அல்லவா?"

மகாராஜா யோசித்தார். "மிதிக்கலாம்."

சவரிமுத்து சீட்டைக் கழற்றினான். குற்றாலிங்கம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "மந்திரியாரே, இதைக் கீழே வைக்கலாமா?" என்றார்.

"ராஜ ஆசனம் தரையிலா? அபசாரம்!"

"அப்படியானால் சிம்மாசனத்தில்?"

"அதுதான் முறை!" என்றார் மந்திரி. முறை என்றால் அவருக்கு வேறு யோசனையே ஓடாது.

சைக்கிள் சீட்டு சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தது. சவரிமுத்து நின்றவாக்கில் பெடலை மிதித்து முற்றத்தை வளைய வந்தான். சத்தமே இல்லை.

"பார்த்தீர்களா! பழுது ஆசனத்தில்தான்" என்று துள்ளினார் மந்திரி. "அதற்குத் தனியாக ஒரு மண்டபம் கட்டி..."

குற்றாலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. சவரிமுத்துவின் வெறுங்காலைப் பார்த்தார். மகாராஜாவின் காலையும் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

சீட்டை மறுபடி மாட்டினார்கள். மகாராஜா ஏறப்போனார்.

"மகாராஜா, ஒரு நிமிஷம். சிம்மாசனத்தில் தாங்கள் எப்படி ஏறுவீர்கள்?"

"இதென்ன கேள்வி? வெறுங்காலோடுதான்."

"இப்போது இது சிம்மாசனத்தில் வீற்றிருந்துவிட்டு வந்த ஆசனம். இதில் மட்டும் காலில் ஜோட்டோடு ஏறலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். மந்திரியார்தான் சொல்லவேண்டும்."

"கூடவே கூடாது!" என்றார் மந்திரி, முந்திக்கொண்டு.

மகாராஜா புத்தம்புது ஜரிகை ஜோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மிதித்தார். ஒரு சுற்று வந்தார். கிறீச் இல்லை. இன்னொரு சுற்றும் வந்தார். கூட்டம் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது. சவரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மகாராஜா சைக்கிளை நிறுத்தினார். ஜோட்டில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அடியில் இரும்பு லாடம். அதைப் பெடலில் வைத்துத் தேய்த்தார்.

கிறீச்!

மந்திரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். விடுவாரா மகாராஜா? "மலையை விட்டுவிடும் ஓய். இன்று முதல் என் சைக்கிள் சவரிமுத்துவின் பொறுப்பு. அவன் ஓட்டிப் பார்த்துத்தான் பழுது பார்ப்பான். நீர் அந்தப் பக்கமே வரக்கூடாது!"

பிறகு, கையில் பிடித்த ஜோட்டோடு குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னங்காணும் இது! காரணம் தெரிந்ததும், 'ஜோடுதான் மகாராஜா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சபை நடுவே எனக்கு ஏன் இந்தச் சுற்று?"

குற்றாலிங்கம் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றார்.

"சொல்லியிருந்தால் சத்தம் நின்றிருக்காது மகாராஜா, இடம்தான் மாறியிருக்கும். பெடலில் கேட்டது என் முதுகில் கேட்டிருக்கும்."

மகாராஜா கையிலிருந்த ஜோட்டைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அதைக் கீழே போட்டார்.