பச்சையாய் நின்ற வயல்

ஒரு வயல் மட்டும் பச்சையாக நின்றதற்காக ஓர் ஊர் பயந்து கிடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, மாத்தூர்ப்படுகையில் தனக்கோடி என்றொருத்தி இருந்தாள். கணவன் இல்லை. ஒரே மகன் இளவழகன் அந்த ஆண்டு குறுவையைப் பிந்தி நட்டான். நட்ட வாரத்திலேயே மோட்டார்க் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். பயிர் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. தூர் கட்டி, கதிர் வாங்கி, செழித்து நின்றது.

மற்றவர்கள் குறுவையை முன்னதாகவே அறுத்துச் சம்பா நட்டிருந்தார்கள். அந்த இளம்பயிர்கள் நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகத் திரும்பின. வளர்ச்சி நின்று குட்டையாயின. உரம் போட்டுப் பார்த்தார்கள், மருந்து அடித்துப் பார்த்தார்கள். மஞ்சள் வரப்பு தாண்டிப் பரவியது. நடுவே இறந்தவனின் வயல் மட்டும் பச்சை.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைத் தொட்டியில் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்டதாக ஒருவர் சொன்னார். வரப்பில் நின்ற உருவம் திரும்பிப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். அக்கம்பக்கத்துப் பச்சையை எல்லாம் உறிஞ்சி அவன் தன் வயலுக்குக் கொண்டுபோகிறான் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பக்கம் நடப்பதையே விட்டார்கள். தனக்கோடி மட்டும் போனாள். அந்தச் சத்தம் தனக்கும் கேட்காதா என்று தொட்டியருகே உட்கார்ந்து பார்த்தாள். ஊருக்கெல்லாம் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

பயிர்நோய் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சகாயராணி என்ற பெண் வந்தாள். மஞ்சள் இலைகளை நறுக்கி அயோடின் கரைசலில் போட்டாள். அவை கறுத்தன.

“துங்ரோங்கிற வைரஸ் நோய் மாதிரி தெரியுது. ஆனா இலை கறுக்கிறது ஒரு அடையாளம்தான். எந்த வைரஸ்னு ஆய்வகத்துல பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றாள்.

எல்லா வயலிலும் இலை எடுத்தாள். பச்சை வயலிலும் எடுத்தாள். அதற்கு அடுத்த வயல் வைரக்கண்ணுவுடையது. அவன் குறுவையை அறுத்துவிட்டு உழாமல், அறுத்த அடித்தாள் மாட்டுக்கு ஆகுமென்று மறுபடி துளிர்க்க விட்டிருந்தான். மஞ்சளாகக் கிடந்த அந்தத் துளிரிலும் எடுத்தாள்.

முடிவு வருவதற்குள் ஊரார் கெட்ட பயிரை உழுது போட்டுவிட்டு, மறுநடவுக்கு நாற்று தயார் செய்திருந்தார்கள். இதுவும் போனால் அந்த ஆண்டுக்குச் சோறில்லை. களத்தில் எல்லோரும் கூடியிருக்க, சகாயராணி சொன்னாள்:

“இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் இல்ல, ரெண்டு. ஒண்ணு பயிரை மஞ்சளாக்கிக் கெடுக்கும். ஆனா அது தனியா வயல் விட்டு வயல் போகாது. இன்னொண்ணு இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது, இலை பச்சையாவே இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சி இதை முதல்ல உறிஞ்சியிருந்தாத்தான் அந்தக் கெட்டதையும் சுமந்துட்டுப் போக முடியும்.”

“எது எங்கே இருக்கு?” என்று கேட்டார்கள்.

“கெடுக்கிறது மட்டும் வைரக்கண்ணு ஐயா தாள்ல இருக்கு. தெரியாம இருக்கிறது மட்டும்...” தனக்கோடியின் பக்கம் திரும்பினாள். “அம்மாவோட வயல்ல. நீங்க உழுதுபோட்ட பயிர்ல ரெண்டும் இருந்துச்சு. இப்போ ரெண்டு வயல்ல ஒண்ணை அழிச்சாலே போதும். தாளை உழுதுடுங்க. அம்மா வயல் அறுப்பு வரைக்கும் நிக்கட்டும்.”

வைரக்கண்ணு எழுந்தான். “பேய் வயலை விட்டுட்டு என் தாளை உழணுமாக்கும்? மாட்டுக்கு என்னத்தைப் போடுறது? அந்த வயல்லயும் இருக்குன்னு நீங்களேதான சொல்றீங்க மேடம்? அதை அழிக்கச் சொல்லுங்க.”

கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பச்சை வயலைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருந்தால் ஊர் தாளை உழவைத்திருக்கும் என்பது சகாயராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, நான் அவர்கிட்ட மறுபடி பேசுறேன்” என்று தனக்கோடியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது டிராக்டர் பச்சை வயலுக்குள் இறங்கியிருந்தது. கதிரெல்லாம் பால் பிடித்திருந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? வேண்டாம்னுதானே சொன்னேன்?”

தனக்கோடி வயலைப் பார்த்தபடியே பேசினாள். “பேயா அலையறான்னு சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். எம்புள்ளை வயல்லேர்ந்துதான் நோய் வந்துச்சுன்னு நாளைக்கு ஒரு வாய் சொன்னா, அதைக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால ஆவாதும்மா.”

பூச்சி அடங்கச் சில நாள் விட்டு ஊர் மறுநடவு நட்டது. பயிர் மஞ்சளாகவில்லை. வைரக்கண்ணுவின் தாள் கடைசிவரை அப்படியே நின்றது, மாடுகள் மேய்ந்தன. அறுவடையன்று அவன் களத்தில் வந்து சொன்னான்: “என் தாள் நின்னுச்சே, எவன் வயலுக்கு என்ன ஆச்சு? நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பவாவது புரியுதா?”



வைரக்கண்ணு சொன்னது சரியா? முழு உண்மையையும் கூட்டத்தில் சொன்ன சகாயராணி, தாளை விடாத வைரக்கண்ணு, கதிர் வந்த பயிரை அழித்த தனக்கோடி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வைரக்கண்ணு சொன்னது சரியல்ல. இரண்டில் எது அழிந்தாலும் நோய் நின்றிருக்கும். தாள் நின்றும் அதிலிருந்து நோய் பரவாமல் செய்ததே தனக்கோடியின் உழவுதான். தாளை உழுதிருந்தால் அவனுக்குப் போவது கொஞ்சம் தீவனம், அவளுக்குப் போனதோ மகன் நட்ட பயிர். சகாயராணி மறைத்திருக்கக் கூடாது, மறைக்கவும் இல்லை. ஆனால் அதைத் தாயிடம் தனியாகச் சொன்ன பிறகு ஊரிடம் சொல்லியிருக்க வேண்டும். சரியாகச் செய்தவள் தனக்கோடி. செய்ய வேண்டிய கட்டாயமே இல்லாத ஒன்றை அவள் செய்தாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த வயலில் அவள் பிறகு எதையும் நடவில்லை.