தெற்கு மலையின் கடைசி வண்டு

அந்தத் தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே கண்ணாடிப் பெட்டியும் குண்டூசியுமாகப் படகேறிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கடலுக்கு நடுவே இரண்டு மலை, அவற்றுக்கு நடுவே காய்ந்த உப்பு மணல். உங்களுக்கு இது போதும்.

இரண்டு மலையிலும் ஒரு கறுப்பு வண்டு உண்டு. ஆணுக்குத் தாடைகள் கலைமான் கொம்பு மாதிரி நீண்டிருக்கும். பறக்காது. முதுகு ஓடு இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போனவை, உள்ளே சிறகும் இல்லை. புழுவாக நாலு வருஷம் மக்கிய மரத்துக்குள் கிடந்து அதையே தின்று வளரும். பிறகு வெளியே வந்து சில மாதம் நடந்து திரிந்துவிட்டுச் செத்துப்போகும். உப்பு மணலைத் தாண்டி ஒரு மலை வண்டு மறு மலைக்குப் போனதே கிடையாது.

தெற்கு மலைக்கு வனக் காவலர் செபமாலை. பதினோரு வருஷமாக அங்கே அவர் ஒருவர்தான். மனைவி பிலோமி கரையில் இருந்தாள். ஒரே ஒரு தடவை வந்து பார்த்து, "காடும் குப்பையுமாக் கெடக்கு. மனுசர் இருக்கிற எடமா இது? சுத்தமாக்கி வையுங்க, வாறேன்" என்று அதே படகில் திரும்பிவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சுத்தப் பைத்தியம். காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மறுநாளே கோடாலியோடு நிற்பார். மக்குவதற்குள் வெட்டி இழுத்துவந்து வாசலில் விறகாக அடுக்கிவிடுவார். மலையே பெருக்கிய முற்றம் போல ஆகிவிட்டது. பிலோமி வரவில்லை. இவருக்கு லீவு உண்டு, இவரும் போகவில்லை. அவள் வரட்டும் என்று இருந்தார். ஆண்பிள்ளை வீம்பு என்று நான் சொல்வேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வடக்கு மலைக்குக் காவலர் இல்லை. அங்கே விழுந்த மரம் விழுந்தபடி கிடந்தது.

தெற்கு மலையில் வருஷத்துக்கு வருஷம் வண்டு குறைந்தது. ஐப்பசி மழையில் ஒரே ஒரு ஜோடி கூடிக் கிடந்ததைப் பார்த்தார். மார்கழியில் ஆண் செத்தது. மிஞ்சிய பெண்ணின் முதுகில், பிலோமி மறந்து விட்டுப்போன நகப்பூச்சைத் தொட்டு அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

அது தினமும் சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்தது. விறகு அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றும். கட்டைக்குக் கட்டை நின்று முகர்ந்து பார்க்கும். இருட்டியதும் போய்விடும்.

"நம்மளத் தேடித்தாம்பா வருது," என்றார், அரிசி கொண்டுவரும் படகுக்காரன் கைத்தானிடம்.

தை மாதம் வண்டு ஆராய்ச்சிக்கு வசுமதி என்றொருத்தி வந்தாள். இரண்டு நாள் தங்கினாள். இடத்தை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று பாராட்டினாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், வடக்கு மலையில ஆண் வண்டு இருக்கு. இதைக் கொண்டுபோய் அங்க விட்டா என்ன?"

"வேண்டாம்ணே. ரெண்டு மலை வண்டும் ஒரே இனமான்னு எனக்கே தெரியாது. கலந்துட்டா அப்புறம் பிரிக்க முடியாது. பரிசோதனை முடிய எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அதை இடம் மாத்த மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

கொடுத்தார். எட்டு மாதம் அது உயிரோடு இருக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

வாக்கைக் காப்பாற்றினார். மாசியில் வண்டின் நடை தளர்ந்தது. ஆனாலும் வந்தது, சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதுவும் போய்விட்டால் மலையில் தான் ஒருவன்தான் என்ற நினைப்பு அவரைத் தின்றது.

ஒருநாள் அவர் சுனைக்குப் போயிருந்த நேரத்தில் கைத்தான் அந்த வண்டை ஈரப்பாசியோடு பிஸ்கட் டப்பாவில் வைத்தான். படகில் வடக்கே போய், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தடியில் விட்டான். திரும்பி வந்து முகத்துக்கு நேரே சொன்னான்.

"அண்ணே, வண்டை வடக்க விட்டுட்டேன். வாக்குக் குடுத்தது நீங்க, நானில்ல. ஒத்தையில கெடந்து சாகிறதப் பாக்க மனசு கேக்கல."

அன்று சாயங்காலம் வாசல் வெறுமையாக இருந்தது. செபமாலை உட்கார்ந்து அழுதார். செய்தி கேட்டு வசுமதி கொதித்துப்போனாள். எத்தனையோ ஆயிரம் வருஷம் தனித்தனியாக இருந்ததை ஒரு பிஸ்கட் டப்பா கெடுத்துவிட்டதே என்றாள்.

படிக்கிறவரே, தடுத்தவள் ஒருத்தி, வாக்கைக் காத்தவர் ஒருவர், தூக்கிக்கொண்டு போனவன் ஒருவன். இதில் யார் செய்தது சரி? அந்த வண்டு வாசலுக்கு எதற்காக வந்தது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

*

கைத்தான் செய்ததுதான் சரி, ஆனால் அவன் சொன்ன காரணம் தப்பு. அந்த வண்டு துணை தேடி வரவில்லை. ஐப்பசியிலேயே கூடிவிட்டதால் அதன் வயிற்றில் முட்டை இருந்தது. முட்டையிட மக்கிய மரம் வேண்டும். மலை முழுக்கத் தேடிக் கிடைக்காமல் கடைசியில் விறகு அடுக்குக்கு வந்தது, அங்கேயும் எல்லாம் காய்ந்த கட்டை. அடுத்த மழையில் வசுமதி வடக்கே போனாள். சிவப்புப் பொட்டு வைத்த ஓடு அந்த மரத்தடியில் கிடந்தது, மரத்துக்குள் வெள்ளைப் புழுக்கள் இருந்தன. பரிசோதித்ததில் அப்பனும் ஆத்தாளும் தெற்கு மலைக்காரர்கள் என்று தெரிந்தது, எந்த இனமும் கலக்கவில்லை. அந்த மரத்துண்டை அப்படியே தெற்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்தபிறகு செபமாலை கோடாலியைத் தொடவில்லை. கார்த்திகைக் காற்றில் குடிசைப் பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் சாய்ந்தது. அன்று மனைவிக்கு எழுதினார்: "பிலோமி, வழியில் மரம் விழுந்து கிடக்கிறது. எடுக்கப் போவதில்லை. நீ வர வேண்டாம், நான் வருகிறேன்."