வேப்பங்கொத்து கட்டின கரடி

ஒரு காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. பேரு தொந்தியப்பன். அந்தக் காட்டுல அது திங்காத பழமும் கிடையாது, செஞ்ச வேலையும் கிடையாது. தோண்டுறதுக்குன்னே ஆண்டவன் நீள நீளமா நகம் கொடுத்திருந்தான். அதை வச்சு அது முதுகு சொறிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

ஒரு வருஷம் காட்டுக்குள்ள இருமல் நோவு வந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. "வௌவாலு கொண்டாந்ததுதான்!"னு மயில் சொல்லுச்சு. வௌவாலுக்குக் கோவம் வந்திருச்சு. "நான் தலைகீழாத் தொங்குறேன்தான். அதுக்காக எல்லாப் பழியையும் என் தலையிலயா கொட்டுவீங்க?"ன்னு கேட்டுச்சு. நியாயம்தானே? நோவைத் தடுக்க வழி பாக்காம, பழி போட ஆள் தேடுறதுல அந்தக் காட்டை அடிச்சுக்க ஆள் கிடையாது.

இந்தக் காக்கா சும்மா இருந்துச்சான்னு கேளுங்க. விடிஞ்சா ஒரு மருந்து! "நரிவெங்காயத்தை அரைச்சு உடம்பெல்லாம் பூசிக்கங்க! நோவு அண்டாது! ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு யானை சொல்லுச்சு!"ன்னு கத்திக்கிட்டே பறந்துச்சு. கொக்கு அதை நம்பிப் பூசிக்கிட்டு, வழக்கம்போலக் குளத்துல போயி நின்னுச்சு. நாத்தம் தாங்காம மீனெல்லாம் அக்கரைக்கு ஓடிப்போச்சு. பட்டினியில கொக்குக்குக் காலு குச்சியாப் போச்சு. கொக்குக் காலு முதல்லயே குச்சிதானேன்னு கேக்காதீங்க. இன்னும் குச்சியாப் போச்சு! தோலெல்லாம் அரிப்பு வேற. "அந்த யானையை நீ பாத்தியா?"ன்னு காக்காவைப் பிடிச்சுக் கேட்டா, "நான் எங்க பாத்தேன்? இன்னொரு காக்கா சொல்லுச்சு!"ன்னுது. அந்த இன்னொரு காக்காவுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டுருக்கணும். கொக்குக்கு அந்த அளவுக்கு மூளை இருந்தா ஏன் வெங்காயத்தைப் பூசிக்குது?

சரி, கரடிக்கு வருவோம்.

அந்தக் காட்டுல ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு நோவு வந்தாலும் வாசல்ல ஒரு வேப்பங்கொத்து கட்டிக்கணும். கட்டினவங்க வெளிய வரக் கூடாது. மத்தவங்க உள்ள போகக் கூடாது. நோவில்லாதவங்க தீனி கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு, தள்ளி நின்னு ஒரு குரல் கொடுத்துட்டுப் போகணும். வேப்பிலை நோவைக் கொன்னு போடும்னு இல்ல. அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். நல்ல வழக்கம். ஆனா நல்ல வழக்கத்துல எங்கடா ஓட்டை இருக்குன்னு தேடுறதுக்குன்னே சில ஜென்மம் பிறந்திருக்கே!

தீனி சுமக்கிற வேலையை மந்தி மங்காயியும் முயல் தவசியும் எடுத்துக்கிட்டாங்க. பாவம், லேசான வேலையா? மழை வேற பேயல. பக்கத்துக் காட்டுக்காரங்க முள்ளுப் போட்டு வழியை அடைச்சுட்டாங்க. "உங்க நோவு எங்களுக்கு வேணாம், எங்க கிழங்கு உங்களுக்கு வேணாம்!"னு சொல்லிட்டாங்க. இருக்கிறதை வச்சுத்தான் ஓட்டணும்.

புளியமரத்தடி வளையில முள்ளம்பன்றி முத்துப்பேச்சி இருந்துச்சு. அதுக்கும் நோவு, அதோட ரெண்டு குட்டிக்கும் நோவு. மண்ணைத் தோண்டத் தெம்பில்ல. மங்காயி வாசல்ல வைக்கிற கிழங்குதான் அந்த மூணுக்கும் உசிரு.

மங்காயி கிழங்கும் தேனும் சுமந்துக்கிட்டு அந்தப் பக்கம் போறதைத் தொந்தியப்பன் பாத்துச்சு. அதுக்கு வயிறு எரிஞ்சுச்சு.

"நோவு வந்தவளுக்கு இந்த உபசாரமா! நான் நல்லா இருந்து என்னத்தைக் கண்டேன்? 'அண்ணே, கிழங்கு தோண்ட வாங்க, அண்ணே, சுமக்க வாங்க'ன்னு பிடுங்கி எடுக்குறாங்க!"

நேரா வேப்பமரத்துக்குப் போச்சு. கொத்தா ஒடிச்சுச்சு? ஒரு கிளையையே முறிச்சுக் கொண்டாந்து குகை வாசல்ல சாத்துச்சு. திருட்டு இருமலுக்குத்தான் அலங்காரம் அதிகம்!

தவசி ஓடி வந்து தள்ளி நின்னுச்சு. "தொந்தியண்ணே! உங்களுக்குமா?"

"லொக்கு! லொக்கு! என்னத்தைச் சொல்ல தவசி! நாக்கு செத்துப் போச்சு. எதுவும் இறங்க மாட்டேங்குது."

"ஐயோ! அப்ப என்னண்ணே கொண்டாரட்டும்?"

"தேனடை இருந்தா நக்கிப் பாக்கலாம். பலாப்பழம் இருந்தா ஏதோ கொஞ்சம் தொண்டையில இறங்கும்."

"நாக்கு செத்தவருக்குப் பலாப்பழமா?"

"வைத்தியம்டா! உனக்கு என்ன தெரியும்? லொக்கு!"

தீனி கொண்டுபோற வழியில கரடியோட குகைதான் முதல்ல இருந்துச்சு. பெரிய உடம்பு, பெரிய வயிறுன்னு பாதிக்கு மேல அங்கயே இறக்கி வச்சிருவாங்க. மிச்சம்தான் புளியமரத்தடிக்குப் போகும். அதுவும் வரவரச் சுருங்கிப் போச்சு.

"மங்காயக்கா, இன்னைக்கு இந்த ஒத்தைக் கிழங்குதானா?" வளைக்குள்ள இருந்து முத்துப்பேச்சி கேட்டுச்சு. "பெரியவன் இருமி இருமிச் சுருண்டு கிடக்கான். சின்னவ பசியில மண்ணை நக்குறாக்கா!"

"என்ன செய்யட்டும் தாயி? தொந்தியண்ணனுக்கும் நோவு. நாளைக்குக் கூடக் கொண்டாரேன்."

"அண்ணனுக்கும் நோவா? சரி, அவரும் ஒரு உசிருதானே"ன்னு முத்துப்பேச்சி சொல்லுச்சு. ஒத்தைக் கிழங்கை ரெண்டாக் கடிச்சுக் குட்டிங்களுக்குக் கொடுத்துட்டு, தான் தண்ணியக் குடிச்சுப் படுத்துக்குச்சு. இது எதுவும் கரடி காதுல விழல. பலாச்சுளை வாயில இருந்தா யாருக்குக் காது கேக்கும்?

கதை அதோட முடிஞ்சிருக்கும். காக்கா விடல. "மிளகு தின்னா நோவு வராது! திப்பிலி தின்னா நோவு வராது! அந்த யானை சொல்லுச்சு!"ன்னு குகைக்கு மேல கத்திக்கிட்டுப் போச்சு.

தொந்தியப்பனுக்குத் திடீர்னு பயம் வந்திருச்சு. பொய்யாக் கட்டின கொத்துக்கு நெசமாவே நோவு வந்துட்டா? குகைக்குப் பின்னால மிளகுக்கொடி படர்ந்திருந்துச்சு, திப்பிலியும் இருந்துச்சு. கைக்குக் கிடைச்சதையெல்லாம் உருவி வாயில போட்டு முழுங்கிருச்சு. ரசத்துக்கு நாலு மிளகு போட்டா மணக்கும். மரக்கால் மிளகு போட்டா? மருந்துக்கும் ஒரு அளவு இருக்குன்னு தெரியாத முண்டம்!

"ஐயோ! எரியுதே! வயிறு எரியுதே!"ன்னு கரடி போட்ட கத்தல்ல காடே கிடுகிடுத்துப் போச்சு.

மங்காயி ஓடி வந்துச்சு. "தவசி! அண்ணனுக்கு நோவு முத்திப்போச்சுடா! முத்திட்டா லங்கணம் போடணும். ஒரு வாய் தீனி கொடுக்கக் கூடாது. நிலவேம்புக் கஷாயம் மட்டும்தான்!"

மங்காயி வைத்தியமும் அரைகுறைதான். கஷாயம்னா அடுப்புல காய்ச்சினதில்ல, பாறைக்குழியில இலையைப் போட்டு வெயில்ல ஊறவிட்டது. ஆனா மனசு நல்ல மனசு. சுரைக்குடுக்கை நிறையக் கஷாயத்தை வாசல்ல வச்சிட்டு, அன்னைக்கு வந்த கிழங்கு முழுசையும் முத்துப்பேச்சிக்குச் சுமந்துட்டுப் போயிருச்சு.

மறுநாளும் கஷாயம்தான். அதுக்கு மறுநாளும் கஷாயம்தான். எரிச்சல் அடங்கிப்போச்சு, பசி வந்திருச்சு.

"ஏ மங்காயி! தேன் எங்க?"

"இந்த நிலமையில தேனை நினைக்கலாமாண்ணே? கசப்பா இருக்குன்னு துப்பிறாதீங்க!"

"அடியே! எனக்கு நோவே இல்லடி!"

மங்காயிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "தவசி, பிதற்ற ஆரம்பிச்சுட்டாரு. காய்ச்சல் தலைக்கேறிருச்சு. இன்னொரு குடுக்கை எடுத்துட்டு வா!"

"பிதற்றல! நெசமாத்தான் சொல்றேன்! இருமினது பொய்! கொத்துக் கட்டினது பொய்!"

"பாவம், என்ன பேசுறோம்னே அவருக்குத் தெரியல!"

கரடிக்கு வெறி வந்திருச்சு. குகைக்குள்ள ஓடி, தின்னு போட்டதையெல்லாம் ரெண்டு கையாலயும் வாரி வெளிய தள்ளுச்சு. பலாத்தோலு, சப்பிப் போட்ட தேனடை, கிழங்குத் தொலி, குவியல் குவியலாப் பலாக்கொட்டை!

"பாருங்க! நல்லாப் பாருங்க! நாக்கு செத்தவன் இவ்வளவு தின்பானா? நோவாளி இவ்வளவு தின்பானா?"

மங்காயி பாத்துச்சு. தவசி பாத்துச்சு. காக்கா கூட வாயை மூடிக்கிட்டுப் பாத்துச்சு. உலகத்துல தன் திருட்டுக்குத் தானே சாட்சி கொண்டாந்து கொட்டினவன் தொந்தியப்பன் ஒருத்தன்தான்!

"ஆமாண்ணே," மங்காயி மெல்லச் சொல்லுச்சு. "நீங்க ரொம்ப நல்லாத்தான் இருக்கீங்க. அங்க ஒருத்தி குட்டி பசியில மண்ணை நக்குச்சு. நீங்க இங்க பலாக்கொட்டையில மலை கட்டியிருக்கீங்க!"

"அது... அவளுக்கு இல்லாமப் போகும்னு நான் நினைக்கல..."

"நினைக்கிறதுக்குத் தலையில ஏதாவது இருக்கணுமேண்ணே!"ன்னு தவசி சொல்லுச்சு. அந்தப் பயந்தாங்கொள்ளி முயல் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு கரடியைப் பாத்துச் சொன்ன வார்த்தை அது!

மங்காயி வேப்பங்கிளையை இழுத்து ஓரமாப் போட்டுச்சு. "நோவில்லாதவங்க சுமக்கணும். அதுதான் வழக்கம். நோவில்லன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. வெளிய வாங்க! அந்த நகத்தை வச்சு முதுகு சொறிஞ்சது போதும்!"

என்ன சொல்லித் தப்பிக்கும்? பலாக்கொட்டையைத் தவசி பொறுக்கிக் கொடுக்க, கரடி முத்துப்பேச்சி வாசலுக்குச் சுமந்துக்கிட்டுப் போச்சு. அப்புறம் விடிஞ்சா கிழங்கு தோண்டுறதும், கொத்துக் கட்டின வாசலுக்கெல்லாம் கொண்டுபோய் வைக்கிறதும்தான் அதுக்கு வேலை. அந்த நகத்துக்கு முன்னால காஞ்ச மண்ணெல்லாம் எம்மாத்திரம்? எல்லா வாசலுக்கும் தீனி எட்டுச்சு. முத்துப்பேச்சி குட்டி ரெண்டுக்கும் வயிறு நிறைஞ்சுச்சு. சின்னவ எந்திரிச்சு உக்காந்தா. பெரியவனுக்கும் இருமல் குறைய ஆரம்பிச்சுச்சு.

ஒருநாள் கரடி புளியமரத்தடியில நின்னு, வெக்கத்தோட குரல் கொடுத்துச்சு. "தங்கச்சி, கிழங்கு கொண்டாந்திருக்கேன்."

உள்ள இருந்து முத்துப்பேச்சி சொல்லுச்சு: "வச்சுட்டு நல்லாத் தள்ளி நில்லுங்கண்ணே! நோவுக்குப் பயந்து சொல்லல. கிழங்குக்குப் பயந்து சொல்றேன்!"

நோவாளிக்குன்னு ஒதுக்கின கவளத்தை நோவில்லாதவன் பொய் சொல்லித் தின்னா, அது அவன் வயித்துக்கும் ஆகாது, மானத்துக்கும் ஆகாது.